சீரம் குறையும் நாளில் தசை தொடங்கும்: மயோபிளாஸ்ட் வளர்க்க வருபவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி முதல் நாள் தேநீர் நேரத்தில் கேட்டாள்: “அக்கா, எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏதானே இருக்கு? அப்புறம் இது மட்டும் எப்படித் தசையாகுது?” பாடப்புத்தகத்துப் பதிலைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஒரு வாரம் பொறும்மா, நீயே உன் கையால ஆக்கிப் பார்ப்ப” என்றேன்.

பினாங்கில், கெலுகோர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் தசைச் செல் வளர்ப்பதுதான் என் வேலை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாரத்துக்கானது. செல் வளர்ப்பு அறைக்குள் முதல்முறை நுழைபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உயிரியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடர்ந்து வரலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோட்டோகாலில், அதாவது செய்முறைக் குறிப்பில், “2 சதவீதம் குதிரை சீரம் ஊற்றவும்” என்று இருக்கும். சீரம் என்பது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர். ஏன் என்று இருக்காது. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு மரபணுவுக்கு நாம் அனுப்பும் தகவல். எந்த வரி எந்த மரபணுவின் காதில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால், தப்பு நடந்த அன்றே அது எங்கே நடந்தது என்றும் தெரிந்துவிடும். தெரியாதவர்கள் மூன்று மாதம் சீரம் கம்பெனியைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

தட்டைத் தொடும் முன், ஒரு கோழி

சௌரஸ்தா சந்தையில் கோழி நெஞ்சுக்கறி வாங்கி, வேகவைத்து, ஆறியதும் விரலால் பிரித்துப் பாருங்கள். நார் நாராக வரும். ஒவ்வொரு நாரும் பல தசையிழைகள் சேர்ந்த கட்டு. அதில் ஓர் இழையை மட்டும் பிரிக்க முடிந்தால், முடியைப் போல மெல்லிசாக இருக்கும். அந்த ஓர் இழைதான் ஒரு செல். அந்த ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும். உடம்பில் மற்ற செல்களுக்குப் பெரும்பாலும் ஓர் உட்கருதான். தசைக்கு மட்டும் இது எப்படி வந்தது என்றால், தனித்தனிச் செல்கள் பல ஒன்றோடொன்று கலந்து ஒரே குழாயாகிவிடுகின்றன.

கலப்பதற்கு முன் இருக்கும் தனிச் செல் மயோபிளாஸ்ட். கலந்து குழாயானதும் மயோடியூப். உடம்புக்குள் அது முதிர்ந்து, நரம்பும் வந்து சேர்ந்தால் தசையிழை. நம் தட்டில் மயோடியூப் வரைதான் போவோம்.

ஒரு மரபணு போதும் என்று தெரிந்த கதை

1979இல் ஷெர்லி டெய்லரும் பீட்டர் ஜோன்சும் எலிக் கருவிலிருந்து வந்த 10டி½ என்ற ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு) செல்களுக்கு 5-அசாசைட்டிடின் கொடுத்துப் பார்த்தார்கள். செல் பிரியும்போது டிஎன்ஏமேல் மெத்தில் குறிகள் மறுபடி ஒட்டாமல் தடுக்கும் மருந்து அது. கொஞ்ச நாளில் தட்டில் தசை வந்து நின்றது. மூடிக் கிடந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது. எது?

1987இல் சியாட்டிலில் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் ராபர்ட் டேவிஸ், ஹெரால்ட் வைன்ட்ராப், ஆண்ட்ரூ லாசர் மூவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். பெயர் மயோடி. அந்த ஒன்றை மட்டும் ஃபைப்ரோபிளாஸ்டுக்குள் செலுத்தினாலே அது தசையாகிவிடுகிறது. 1989இல் நிறமிச் செல், நரம்புச் செல், கொழுப்புச் செல், கல்லீரல் செல் வகைகளிலும் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றிலும் தசை மரபணுக்கள் விழித்துக்கொண்டன. அப்புறம் மயோடியின் உடன்பிறப்புகள் மூன்று தெரியவந்தன: மிஃப்-5, மயோஜெனின், எம்ஆர்எஃப்4.

இந்த நான்கும் செய்கிற வேலை ஒன்றுதான். டிஎன்ஏவில் சிஏ என்று தொடங்கி டிஜி என்று முடியும் ஆறெழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது. நடு இரண்டெழுத்து எதுவாகவும் இருக்கலாம். அதற்கு ஈ-பாக்ஸ் என்று பெயர். தசைக்கு வேண்டிய மரபணுக்களின் வாசலில் இந்தச் சொல் நிறையக் கிடக்கும். மயோடி அதன்மேல் உட்கார்ந்து அந்த மரபணுவைப் படியெடுக்க வைக்கும். ஆனால் தனியாக உட்காராது. ஈ12 அல்லது ஈ47 என்ற கூட்டாளிப் புரதத்தோடு ஜோடி சேர வேண்டும்.

பினாங்கின் சோறு-கறிச் சாப்பாடான நாசி கண்டார் என்ற பெயரில் உள்ள கண்டார், அந்தக் காலத்தில் வியாபாரிகள் தோளில் வைத்த காவடித்தடி. ஒரு முனையில் சோற்றுப்பானை, மறுமுனையில் கறிப்பானை. மயோடி சோறு, ஈ47 கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஐடி என்று இன்னொரு புரதம் வருகிறது. அதுவும் ஈ47உடன் ஜோடி சேரும், ஆனால் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி அதற்கு இல்லை. சோற்றுப்பானை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பானை தொங்குகிறது. தடி சமமாகத்தான் இருக்கும், ஆள் நடப்பான், ஒருவருக்கும் சாப்பாடு கிடைக்காது.

இனி வருவதுதான் முக்கியமான கேள்வி. நீங்கள் வளர்க்கப்போகும் மயோபிளாஸ்டில் மயோடி ஏற்கெனவே இருக்கிறது. டிஎன்ஏமேல் ஆயிரக்கணக்கான இடங்களில் உட்கார்ந்தும் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் செல் தசையாகாமல் பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டே போகிறது. ஏன் என்பதற்கான பதில் உங்கள் கையில் உள்ள சீரம் பாட்டிலில் இருக்கிறது.

முதல் படி: செல்லை எழுப்புவது

நம்முடைய செல் சி2சி12. 1977இல் டேவிட் யாஃபேயும் ஓரா சாக்செலும் சி3எச் வகை எலியின் தொடைத்தசையை நசுக்கிக் காயப்படுத்தி, அது ஆறிவரும் வேளையில் எடுத்து வளர்த்த செல்லின் வாரிசு. காயப்படுத்தியது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வளர்ந்த தசையிழை தானாகப் பிரியாது. இழையின் ஓரத்தில், உறைக்கு அடியில், துணைச்செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டவை. அவற்றுக்குள் பேக்ஸ்7 என்ற மரபணு இயங்கிக்கொண்டிருக்கும். தசைக்கு அடிபட்டால் அவை விழித்து, மயோடியை ஏற்றிக்கொண்டு பெருக ஆரம்பிக்கும். உங்கள் தட்டில் இருப்பது அப்படி விழித்தெழுந்த செல்லின் வம்சம்.

குப்பியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி தண்ணீரில் பிடித்து ஆட்டுங்கள். அரிசி அளவு பனிக்கட்டி மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்து, வெதுவெதுப்பான மீடியாவில் (வளர்ப்புத் திரவத்தில்) மெதுவாகக் கலந்து, சுழற்றி, மேல்தண்ணீரை எடுத்துவிடுங்கள். உறையவைக்கக் கலந்த டிஎம்எஸ்ஓ அதோடு போய்விடும். பின்பு பிளாஸ்கில் ஊற்றி இன்குபேட்டருக்குள் வையுங்கள்: 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு.

பிளாஸ்கின் மேல் பாசேஜ் எண்ணை, அதாவது செல்லை எத்தனை முறை பிரித்துப் புது பிளாஸ்கில் போட்டோம் என்பதை, எழுதுங்கள். பினாங்கு ஈரத்தில் சாதாரண மார்க்கர் எழுத்து கரைந்து நீலக் கறையாகிவிடும். ஆல்கஹால் பட்டாலும் அழியாத பேனா வாங்கிக்கொள்ளுங்கள். பாசேஜ் பதினைந்தைத் தாண்டிய செல்லை நான் நம்புவதில்லை. அதனால் செல் நன்றாக வளரும் முதல் வாரத்திலேயே பத்துக் குப்பியாவது உறையவைத்துச் சேமித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பெருக்குவது, ஆனால் தொடவிடாமல்

வளர்ப்பு மீடியா: சர்க்கரை அதிகமுள்ள டிஎம்இஎம் என்ற ஊட்டக்கரைசல், அதில் 10 சதவீதம் கன்றுக்கரு சீரம். சிவப்புச் சிராப் தண்ணீர் நிறத்தில் இருக்கும். செல் தின்று அமிலம் சேரச் சேர ஆரஞ்சாகி மஞ்சளாகும். மஞ்சள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

செல்கள் தட்டில் பாதியிலிருந்து 70 சதவீத இடத்தைப் பிடித்ததும் பிரித்துவிட வேண்டும். முதலில் பிபிஎஸ் என்ற உப்புக்கரைசலால் கழுவுங்கள், ஏனென்றால் மிச்சமிருக்கும் சீரம், செல்லைத் தட்டிலிருந்து பெயர்க்கும் டிரிப்சினை வேலை செய்ய விடாது. பின்பு 0.25 சதவீத டிரிப்சின், இரண்டு மூன்று நிமிடம். செல் உருண்டு மிதந்ததும் சீரம் உள்ள மீடியாவை ஊற்றி டிரிப்சினை நிறுத்துங்கள்.

70 என்ற எண்ணை யாரும் மதிப்பதில்லை. நானும் மதித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பிளாஸ்க் 60 சதவீதத்தில் இருந்தது. பிரித்திருக்கலாம். ஆனால் அண்ணன் காவடி எடுக்கிறார், அம்மாவைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போக வேண்டும், நேரமில்லை. விடுமுறையும் வாரக்கடைசியும் முடிந்து திரும்பிவந்து பார்த்தால் பிளாஸ்க் நிறைந்து, செல்கள் தோளோடு தோள் நின்றன. அங்கங்கே நீளநீளமான குழாய்களும் தெரிந்தன. டிரிப்சின் போட்டேன், குழாய்கள் உரிந்து போயின, மற்றவற்றைப் பிரித்துப் புது பிளாஸ்கில் போட்டேன். அவை அழகாக, வேகமாக வளர்ந்தன. எனக்குச் சந்தோஷம்.

அந்தச் செல்கள் அதற்குப் பிறகு சரியாகத் தசையாகவே இல்லை. குழாய்கள் சின்னதாக, எண்ணிக்கையில் குறைவாகவே வந்தன. குதிரை சீரத்தை மாற்றினேன், மீடியாவை மாற்றினேன். மூத்த அண்ணன் ஒருவர் பாசேஜ் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தைப்பூசத்துல என்ன பண்ணின?” என்று கேட்டபோதுதான் புரிந்தது. கூட்டம் நெருங்கினால் நல்ல மயோபிளாஸ்டுகள் பிரிவதை நிறுத்தி, ஒன்றோடொன்று கலந்து, ஆட்டத்திலிருந்து விலகிவிடுகின்றன. விலகாமல் மிச்சம் நிற்பவை கட்டளையைக் கேட்காத செல்கள். நான் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வம்சம் வளர்த்திருக்கிறேன். தசையாகத் தெரியாத செல்களை நானே தேர்ந்தெடுத்து வளர்த்தேன் என்பதுதான் கணக்கு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பழைய குப்பியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே நீண்ட விடுமுறை வந்தால் வழக்கத்தைவிட மெல்லிசாகப் பிரித்துப் போடுங்கள், அல்லது உறையவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மைக்கோபிளாஸ்மா பற்றியும் ஒரு சொல். இந்தப் பாக்டீரியா சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் சாகாது. செல் உயிரோடு இருக்கும், ஆனால் அதன் மரபணு வெளிப்பாடு கோணலாகும். மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை செய்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கட்டளையை மாற்றுவது

ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு ஒன்றரை லட்சம் செல் போட்டால் இரண்டு நாளில் 90 சதவீதத்தை நெருங்கும். அந்த நாள்தான் நம் பூஜ்ய நாள். ஒரு குழியை அன்றைக்கே அறுவடை செய்து வைத்துவிடுங்கள், ஒப்பிட வேண்டுமே. “ஒரு குழியை வளர்ப்பு மீடியாவிலேயே ஐந்து நாள் விட்டு அதைக் கட்டுப்பாடாக வைக்கலாமா?” என்று கேட்பார்கள். வேண்டாம். அது நிறைந்து, நெருக்கத்தாலேயே தானாகத் தசையாகத் தொடங்கிவிடும். அதை எதோடும் ஒப்பிட முடியாது.

மற்ற குழிகளில் மீடியாவை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிபிஎஸ்ஸால் இரண்டு முறை கழுவுங்கள். இரண்டு முறை. பிறகு டிஎம்இஎம்மில் 2 சதவீதம் குதிரை சீரம் கலந்த மீடியாவை ஊற்றுங்கள்.

இதைச் சிலர் “செல்லைப் பட்டினி போடுவது” என்பார்கள். எனக்கு இந்தச் சொல் பிடிக்காது. டிஎம்இஎம்மில் லிட்டருக்கு 4.5 கிராம் சர்க்கரை அப்படியே இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. குறைந்தது வளர்ச்சிக் காரணிகள், அதாவது “பிரி, பிரி” என்று செல்லின் காதில் ஓதிக்கொண்டிருந்த குரல்கள். கன்றுக்கரு சீரத்தில் அவை நிறைய உண்டு. வளர்ந்த குதிரையின் சீரத்தில் குறைவு, அதிலும் 2 சதவீதம்தான் போடுகிறோம். கழுவாமல் விட்டால் பழைய குரல் மிச்சமிருக்கும், செல் குழம்பும்.

குரல் அடங்கியதும் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சீரம் இருந்தவரை ஐடி நிறைய உற்பத்தியாகி ஈ47ஐப் பிடித்து வைத்திருந்தது. வெறும் பானைக் கதை. சைக்ளின் டி1 என்ற புரதமும் ஏறி நின்று, செல்லைப் பிரியச் சொல்லி, மயோடியையும் அடக்கி வைத்திருந்தது. சீரம் போனதும் இரண்டும் இறங்குகின்றன. ஈ47 விடுபட்டு மயோடியோடு சேர்கிறது. அந்த ஜோடி ஈ-பாக்ஸில் உட்கார்ந்து பி300, பிசிஏஎஃப் போன்ற உதவியாளர்களைக் கூப்பிடுகிறது. அவர்கள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் குறி வைத்து, இறுகிக் கிடந்த சுருளைத் தளர்த்துகிறார்கள். முதலில் திறக்கும் வாசல்களில் ஒன்று மயோஜெனின். இன்னொரு பக்கம் பி21 ஏறுகிறது. அது செல் பிரியும் இயந்திரத்தை நிறுத்துகிறது. இனி அந்தச் செல் பிரியாது.

பிரிவதா, தசையாவதா என்பதில் செல்லுக்கு ஒன்றுதான் வாய்க்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதபடிதான் இந்த இணைப்புகள் அமைந்திருக்கின்றன. நீங்கள் இரண்டாம் படியில் கூட்டம் சேரவிடாமல் பிரித்ததும், மூன்றாம் படியில் கூட்டம் சேர்த்துக் கழுவியதும் இந்த ஒரே விசையின் இரண்டு பக்கம்.

நான்காம் படி: காத்திருப்பது

முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில செல்கள் செத்து மிதக்கும். புதியவர்கள் பயந்து மீடியாவை மாற்றிக்கொண்டே இருப்பது இந்த நாளில்தான். கையை எடுங்கள். உள்ளே மயோஜெனின் ஏறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள் செல்கள் நீண்டு, மெலிந்து, பக்கத்துச் செல்லின் திசையிலேயே திரும்பி நிற்கும், படகுத்துறையில் கட்டிய படகுகள் நீரோட்டத்துக்குத் திரும்புவதுபோல. மயோஜெனினும் எம்இஎஃப்2 என்ற இன்னொரு படியெடுப்புக் காரணியும் கைகோத்துத் தசைப் புரத மரபணுக்களை ஒவ்வொன்றாக எழுப்பத் தொடங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் கலப்பு. இதற்கு இரண்டு புரதம் வேண்டும். மயோமேக்கர் 2013இல் தெரியவந்தது, மயோமிக்சர் என்ற குட்டிப் புரதம் 2017இல். இந்த இரண்டையும் ஃபைப்ரோபிளாஸ்டில் சேர்த்துப் போட்டால், தசையே ஆகாத அந்தச் செல்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு குழாய்க்குள் உட்கருக்கள் மூன்று, நான்கு என வரிசையாக உட்கார்ந்திருக்கும், பட்டாணி நெற்றுக்குள் மணிகளைப்போல. முதல்முறை பார்க்கும்போது யாரும் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

நான்காம் நாளிலிருந்து குழாய்கள் தடிக்கும், தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதம் நிறையும். மீடியாவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினால் போதும், அதுவும் குழியின் சுவரோரமாக, மெதுவாக.

ஏதாவது ஒரு மரபணு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த இடைவெளியில் கேள்வி வரும். எலியில் செய்து பார்த்திருக்கிறார்கள். மயோடி இல்லாமல் பிறந்த எலி, 1992இல் மைக்கேல் ருட்னிக்கியின் குழு காட்டியபடி, பிழைத்து நடமாடியது; மிஃப்-5 அந்த இடத்தைச் சமாளித்துவிட்டது. 1993இல் இரண்டையும் எடுத்தபோது எலும்புத்தசையே இல்லை, மயோபிளாஸ்ட்கூட இல்லை. அதே ஆண்டு மயோஜெனினை மட்டும் எடுத்துப் பார்த்த எலிகளில் மயோபிளாஸ்ட் இருந்தது, ஆனால் அவை சேர்ந்து இழையாகவில்லை. குட்டிகள் பிறந்ததும் இறந்தன. ஆக “நான் தசை” என்று முடிவெடுப்பது மயோடி, மிஃப்-5 வேலை. அந்த முடிவை நடத்தி முடிப்பது மயோஜெனின் வேலை. நீங்கள் பின்னால் எஸ்ஐஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏவைப் போட்டு ஒரு மரபணுவை அடக்கும்போது, செல் எண்ணிக்கை குறைகிறதா அல்லது எண்ணிக்கை சரியாக இருந்தும் குழாய் வரவில்லையா என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு தவறுகள்.

கருவில் இதன் தொடக்கத்தைப் பார்க்க ஆசையிருந்தால் கம்போங் கோழி (நாட்டுக்கோழி) முட்டை, கருவுற்றதாகப் பார்த்து, இரண்டு நாள் அடைகாக்கும் சூட்டில் வைத்துத் திறங்கள். முதுகின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் குட்டிக் குட்டிக் கட்டங்கள், பதினாறு ஜோடி அளவில், வரிசையாகத் தெரியும். சோமைட் என்பார்கள். கோழியில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி உருவாகிறது. பக்கத்தில் இருக்கும் நரம்புக்குழாயிலிருந்தும் முதுகுநாணிலிருந்தும் வின்ட், சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைகள் வந்து, அந்தக் கட்டத்தின் ஒரு பகுதியில் பேக்ஸ்3, மிஃப்-5, மயோடி எனத் தூண்டிவிடுகின்றன. தட்டில் நாம் சீரத்தைக் கொண்டு செய்வதைக் கருவில் பக்கத்து வீட்டுச் செல்கள் செய்கின்றன.

ஐந்தாம் படி: ஆர்என்ஏவில் கேட்பது

பூஜ்யம், ஒன்று, மூன்று, ஐந்தாம் நாள்களில் ஒவ்வொரு குழியை, ஆர்என்ஏ பிரித்தெடுக்க உதவும் டிரைசாலில் கரைத்து -80இல் வையுங்கள். டிரைசாலில் ஃபீனால் இருக்கிறது, தோலைச் சுடும். கையுறையும் ஹூடும் கட்டாயம். பின்னர் எல்லாவற்றையும் ஒரே நாளில் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) ஆக்கி, ஒரே தட்டில் கியூபிசிஆர் (நகலின் அளவைக் காட்டும் சோதனை) ஓட்டுங்கள். தனித்தனி நாள்களில் ஓட்டினால் நாள் வித்தியாசமா, செல் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். சிடி என்பது எத்தனையாவது சுற்றில் குறி தெரிகிறது என்ற எண்; அது குறைந்தால் ஆர்என்ஏ அதிகம். எடுத்துக்காட்டுக்கு, பூஜ்ய நாளில் மயோஜெனின் சிடி 29, ஒப்பீட்டு மரபணு 18 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 11. மூன்றாம் நாளில் மயோஜெனின் 22, ஒப்பீட்டு மரபணு மறுபடியும் 18. வித்தியாசம் 4. பதினொன்றிலிருந்து நான்கைக் கழித்தால் 7. ஒவ்வொரு சிடிக்கும் அளவு இரட்டிப்பாகும் என்பதால் இரண்டின் ஏழாம் அடுக்கு, 128 மடங்கு. சின்ன எண்கள்தானே என்று எக்செலில் அடித்துவிட்டுப் போனால் ஒரு கூட்டல் கழித்தல் குறி மாறி, ஏற்றம் இறக்கமாகிவிடும்.

ஒப்பீட்டு மரபணுவாக எல்லாரும் கேப்டிஎச் எடுப்பார்கள். தசையாகும்போது செல் சர்க்கரையைப் பயன்படுத்தும் விதமே மாறுகிறது, கேப்டிஎச் சர்க்கரையை உடைக்கும் என்சைம். நகராமல் இருக்க வேண்டிய அளவுகோல் நகர்ந்தால்? இரண்டு மூன்று மரபணுக்களைச் சோதித்து, எது நிலையாக நிற்கிறதோ அதை எடுங்கள்.

மயோடியில் பெரிய ஏற்றம் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். அது முன்பே இருந்தது, மாறியது அதன் கூட்டாளி என்பதை மேலே பார்த்தோம். மயோஜெனின் முதல் இரண்டு நாளில் தாவும், மயோசின் கனச்சங்கிலி அதற்குப் பின்னால் வரும், சைக்ளின் டி1 இறங்கும். இந்த வரிசை கலைந்திருந்தால் பூஜ்ய நாளில் உங்கள் செல் ஏற்கெனவே நெருங்கி நின்றிருக்கிறது. டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவைப் பார்ப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். 20 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள் கொண்ட அந்த மரபணுவை ஒருமுறை படியெடுத்து முடிக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது.

வாசல் திறந்தபின்னும் கட்டுப்பாடு உண்டு. மிஆர்-1, மிஆர்-206 என்ற குட்டி ஆர்என்ஏக்கள் தசையில் ஏறி, வேண்டாத தூது ஆர்என்ஏக்களை அடக்கும். டெக்செல் வகை ஆட்டில் மயோஸ்டேட்டின் மரபணுவின் வால்பகுதியில் ஒரே ஓர் எழுத்து, ஜி இருந்த இடத்தில் ஏ. புரதம் மாறவில்லை, ஆனால் இந்த இரண்டும் உட்கார அங்கே இடம் கிடைத்துவிட்டது. மயோஸ்டேட்டின் குறைந்தது, ஆட்டுக்குத் தசை பெருத்தது. 2006இல் வெளிவந்த விஷயம். மயோஸ்டேட்டின் தசைக்குப் பிரேக். 1997இல் அதை எடுத்த எலிகளின் தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்தது, பெல்ஜியன் புளூ மாடுகளிலும் அதே மரபணுதான் பழுது. இதைச் சொன்னால் ஜிம்முக்குப் போகும் தம்பிமார் உடனே “மயோஸ்டேட்டினைக் குறைக்கிற பவுடர் விக்கிறானே அக்கா” என்பார்கள். காசை நாசி கண்டாரில் செலவழியுங்கள், அதில் புரதமாவது இருக்கிறது.

ஆறாம் படி: எண்ணுவது

ஐந்தாம் நாள் ஒரு குழியை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, எம்எஃப்20 என்ற எதிர்ப்பொருளால் மயோசினுக்கும், டேப்பியால் உட்கருவுக்கும் நிறம் ஏற்றுங்கள். பச்சைக் குழாய்களுக்குள் நீல மணிகள். குழாய்க்குள் இருக்கும் உட்கருக்களை மொத்த உட்கருக்களால் வகுத்தால் கலப்பு விகிதம். இரண்டு உட்கரு இருந்தாலே குழாயா, மூன்று வேண்டுமா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். படங்களின் பெயரை வேறொருவரை விட்டு மாற்றச் சொல்லி, எது எந்தக் குழி என்று தெரியாமல் எண்ணுங்கள். தெரிந்தால் கண் நமக்கு வேண்டியதை எண்ணும். நல்ல மனிதர்களுக்கும் அப்படித்தான்.

ஒரு குழியைத் தொடாமல் வைத்திருந்தால், ஆறாம் நாள் சில குழாய்கள் தாமாகவே துடிப்பதைப் பார்க்கலாம். எல்லாத் தட்டிலும் வராது. அந்தத் தங்கச்சியின் தட்டில் வந்தது. போனில் படம்பிடித்துப் பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள். “ஐயோ, எலியை என்னடி பண்ணின?” என்று பதில் வந்தது. எலி 1977இலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று விளக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆனது.

அந்த அரைமணி நேரமும் தட்டு நுண்ணோக்கியின் கீழேயே கிடந்தது. துடிக்கும் குழாய் தன்னைத் தானே இழுத்து அடித்தட்டிலிருந்து உரிந்துகொள்ளும். சூடு குறைந்து மீடியாவும் ஆட ஆட இன்னும் சீக்கிரம் உரியும். அவள் திரும்பிப் பார்த்தபோது பாதி மிதந்துகொண்டிருந்தது. வீடியோ எடுத்ததும் தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துவிடுங்கள். ஆர்என்ஏ வேண்டுமென்றால் ஐந்தாம் நாள் மாலையே டிரைசாலை ஊற்றிவிடுங்கள்.